மூச்சுத் திணறும் வேளையில்



பிப்ரவரி 11-ஆம் நாள் லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-ஆம் ஆண்டு அந்த நாளையே உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் நாமும் கெபியின் முன் கூடிச் செபமாலை சொல்கிறோம், நோயாளிகளை நாற்காலியில் அமர்த்தி முன்வரிசைக்குக் கொண்டு வருகிறோம், எண்ணெய் பூசுகிறோம். ஆனால் கெபியில் மாதாவின் முன் முழந்தாளிட்டிருக்கும் அந்தச் சிறுமியின் நோயைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1858-ஆம் ஆண்டு அந்த நாளில் பெர்னதெத் தம் தங்கையோடும் ஒரு தோழியோடும் விறகு பொறுக்கச் சென்றார். மற்ற இருவரும் குளிர்ந்த ஓடையில் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டார்கள். பெர்னதெத்துக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. குளிர்பட்டால் இளைப்பு வந்துவிடும் என்று வீட்டில் பயம். எனவே தண்ணீரில் கால் வைக்கத் தயங்கி இக்கரையிலேயே தனியாக நின்றார். காட்சி கண்டபோது அவர் அங்கே தனித்து நின்றதற்கு அந்த மூச்சுக் கோளாறும் ஒரு காரணம். காட்சிக்குப் பிறகும் அது அவரை விடவில்லை. நெவேர் நகரத்துத் துறவு மடத்தில் நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. நோயாளிகளைக் கவனித்தவரே நோயாளியாகிப் பல ஆண்டுகள் திணறினார். 1879 ஏப்ரல் 16 அன்று, 35 வயதில், கட்டிலில் படுத்த நிலையில் அல்ல, நாற்காலியில் அமர்ந்த நிலையில்தான் இறந்தார். மூச்சுத் திணறும் நோயாளி உள்ள வீட்டாருக்கு அந்த நாற்காலி ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலைவெள்ளியன்று நற்கருணை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது நாம் அந்த நாற்காலியைப் பார்க்கிறோம். நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் குந்தி ஊதி ஊதியே நுரையீரல் கெட்டுப்போன பெரியம்மா ஒரு வீட்டில். இதயம் தளர்ந்து கால் வீங்கி, தலையணை மூன்று வைத்தும் தூங்க முடியாத தாத்தா இன்னொரு வீட்டில். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய இளந்தாய் வேறொரு வீட்டில். நோய்கள் வேறு வேறு. ஆனால் அந்த வீட்டார் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "சாமி, திணறல் வரும்போது என்ன செய்யணும்னே தெரியல. பார்த்துக்கிட்டு நிக்க முடியல."

நமக்கும் தெரியாமல் இருந்தது. குருமடத்தில் நோயில்பூசுதலின் இறையியல் முழுவதையும் படித்தோம். திணறுகிறவரின் அருகில் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நாம் கற்றுக்கொண்டது ஒரு தவற்றிலிருந்து.

ஒருநாள் இரவு எட்டு மணியிருக்கும். அன்பியப் பொறுப்பாளர் அலைபேசியில் அழைத்தார். "பெரியவருக்கு ரொம்ப முடியல, உடனே வாங்க ஃபாதர்." எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். நம்மோடு செவிலியராகப் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவரும் வந்தார். பத்துக்குப் பத்து அறை. அதற்குள் பதினைந்து பேர். பனி என்று சன்னலைச் சாத்தியிருந்தார்கள். மேசையில் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுதிரிகளும், மூலையில் சாம்பிராணியும், கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருளும் இருந்தன. பெண்கள் உரத்த குரலில் செபமாலை சொல்ல, பெரியவரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். அவருடைய கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. நாமும் நம் பங்குக்குப் புத்தகத்தைத் திறந்து, குனிந்து, பாவசங்கீர்த்தனம் செய்கிறீர்களா என்று கேட்டோம். மூச்சே வராதவரிடம் பேசச் சொன்னோம்!

அவர் கையைத் தூக்கி மேலே காட்டினார். "அப்பா வானத்தைக் காட்டுறாரு" என்று மகள் கதறினாள். அறை முழுவதும் அழுகை. அருட்சகோதரி மட்டும் அந்தக் கை போன திசையைப் பார்த்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய்ச் சன்னலைத் திறந்தார்.

அன்று அவர் இறக்கவில்லை. அதன்பின் ஏழு மாதம் இருந்தார். ஒருநாள் நன்றாக இருந்தபோது நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் சன்னலத்தான் சாமி காட்டினேன். நீங்க எல்லாருமா என்னை அனுப்பி வச்சிட்டீங்க."

அந்த ஏழு மாதத்தில் அருட்சகோதரி அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்ததையும், மருத்துவர்களிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, திணறலும் பயமும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மூச்சு முட்டினால் பயம் வருகிறது. பயந்தால் மூச்சு வேகமாகி, மேலோட்டமாகிறது. அப்படி இழுத்து இழுத்துத் தோள், கழுத்துத் தசைகள் களைத்துப் போகின்றன. களைத்தால் இன்னும் முட்டுகிறது. இந்தச் சுழலில் நோயாளி மட்டும் இல்லை, சுற்றி நிற்கும் நாமும் இருக்கிறோம். நம் முகத்தில் உள்ள பயத்தை அவர் படிக்கிறார். இலண்டனில் 1967-இல் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடலோடு நிற்பதில்லை, மனமும் குடும்பமும் ஆன்மாவும் அதில் சேர்ந்திருக்கின்றன என்று கற்பித்தார். மூச்சுத் திணறலுக்கும் அது அப்படியே பொருந்தும்.

இரண்டாவது, தீராத நோயில் அவ்வப்போது வரும் திணறல்களில் பெரும்பாலானவை பத்து நிமிடத்திற்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. வாய்வழியாகக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்யவே அரைமணி நேரம் ஆகும். அப்படியானால் அந்தப் பத்து நிமிடம் யார் கையில் இருக்கிறது? வீட்டாரின் கையில்தான்.

திணறுகிறவரைப் படுக்க வைக்காதீர்கள். உட்கார வையுங்கள். முன்னால் ஒரு மேசையோ முக்காலியோ போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, இரு கைகளையும் அதில் ஊன்றி முன்பக்கம் சாயச் சொல்லுங்கள். கைகளுக்குத் தாங்கல் கிடைத்தால் தோள் தசைகள் மூச்சுக்கு உதவ முடிகிறது. நடக்கும்போது வந்துவிட்டால் சன்னல் திண்டிலோ சுவரிலோ கையூன்றிச் சற்றுக் குனிந்து நிற்கலாம். எழ முடியாதவரைத் தலைப்பக்கம் நன்றாக உயர்த்தி, முழங்காலுக்கடியில் ஒரு தலையணை வைத்தால் கீழே சறுக்கி வர மாட்டார். சட்டைப் பொத்தானையும் இடுப்புக் கட்டையும் தளர்த்துங்கள்.

பிறகு காற்று. சன்னலைத் திறந்து, முகத்துக்கு நேராக விசிறுங்கள். மேலே மின்விசிறி சுற்றுவது போதாது. பாட்டரியில் ஓடும் சிறிய கைவிசிறி கடைகளில் கிடைக்கிறது. அதை முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கன்னத்திலும் மூக்கிலும் மேலுதட்டிலும் காற்றுப் படும்படி சில நிமிடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பகுதியின் நரம்புகள் குளிர்ந்த காற்றை உணரும்போது, காற்றுக்காகத் தவிக்கும் உணர்வை மூளை சற்றுத் தணித்துக்கொள்கிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். பனையோலை விசிறியும் இதே வேலையைச் செய்யும். மின்சாரம் போனால் அதுதான் துணை. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு விசிறினால் இன்னும் இதமாக இருக்கும். நோயாளியே விசிறியைப் பிடிக்க முடிந்தால் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தம் மூச்சின் மேல் தமக்கு ஒரு பிடி இருக்கிறது என்கிற எண்ணம் ஒரு மருந்துக்குச் சமம்.

நாம் எல்லாரும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "நல்லா மூச்சை இழுங்க, இழுங்க." அதைச் சொல்லாதீர்கள். புகையால் கெட்ட நுரையீரலில் பழைய காற்று வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடக்கிறது. அது போனால்தான் புதியது உள்ளே வரும். ஆகவே விடுவதற்குத்தான் உதவ வேண்டும். சூடான தேநீரை ஆற்றுவதற்கு உதட்டைக் குவித்து ஊதுவோமே, அப்படி மெதுவாக, வலிந்து தள்ளாமல் ஊதச் சொல்லுங்கள். சிலருக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது இருந்தால் எளிது. எதிரே உள்ள சன்னல் சட்டத்தையோ கதவையோ பார்த்து, குட்டைப் பக்கம் முழுவதும் உள்ளே, நெட்டைப் பக்கம் முழுவதும் வெளியே என்று கண்ணால் சுற்றி வரச் சொல்லலாம். நீங்களும் பக்கத்தில் அமர்ந்து அதே வேகத்தில் மூச்சு விடுங்கள். சொல்லிக் கொடுப்பதைவிட அது நன்றாகத் தொற்றிக்கொள்ளும்.

இவை எதையும் திணறல் வந்தபிறகு கற்றுக்கொள்ள முடியாது. நன்றாக இருக்கும் நாளில், சாயங்காலம் ஒரு கால்மணி நேரம், நாற்காலி எங்கே, விசிறி எங்கே, யார் பக்கத்தில் உட்காருவது, யாருக்கு அலைபேசி செய்வது என்று செய்து பார்த்துவிடுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டுங்கள். அந்தப் பெரியவர் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்திதான் அதை எழுதினாள். முதல் வரி, "எல்லாரும் வெளியே போங்க."

ஆம், கூட்டம். நம் ஊரில் அன்பு என்றால் கூட்டம்தான். யாருக்காவது முடியவில்லை என்றால் தெருவே திரண்டு வரும். அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் திணறுகிறவருக்கு ஓர் ஆள் போதும். மற்றவர்கள் திண்ணையில் இருக்கட்டும், அங்கிருந்து செபிக்கட்டும். உள்ளே இருப்பவர் நின்றுகொண்டு குனியாமல், எதிரே நாற்காலி போட்டு, அவர் கண் மட்டத்திற்கு உட்கார வேண்டும். "என்ன செய்யுது? எங்க வலிக்குது? எப்ப இருந்து?" என்று கேள்வி கேட்க வேண்டாம். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் ஒரு மூச்சைச் செலவழிக்க வேண்டும். "ஆமான்னா கையை அழுத்துங்க அப்பா" என்றால் போதும். "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்பதும் உதவாது, ஏனெனில் அது பொய் என்று அவருக்குத் தெரியும். "நான் இங்கேயேதான் இருக்கேன். முந்தாநாளும் இப்படித்தான் வந்துச்சு, போயிடுச்சு" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அது உண்மை.

இன்னொன்றையும் லூர்து அன்னையின் மேல் நமக்குள்ள பக்தியோடே சொல்கிறோம். திணறிக்கொண்டிருப்பவரின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். லூர்துத் தண்ணீர் என்றாலும் வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். விரலில் தொட்டு நெற்றியில் வையுங்கள், அல்லது பஞ்சால் உதட்டை நனையுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுதிரி, சாம்பிராணி எதுவும் கூடாது. அந்த அறையில் மெழுகுதிரி இல்லாமல் நற்கருணை கொடுத்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆக்சிஜன் என்றதும் பணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி வீட்டுக்கு வீடு வந்தது. அப்போதிருந்து, திணறல் என்றால் ஆக்சிஜன் என்று மனத்தில் பதிந்துவிட்டது. தாலிச் சங்கிலியை அடகு வைத்து இயந்திரம் எடுத்த குடும்பங்கள் நமக்குத் தெரியும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பவருக்கு அது தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் அளவு சரியாக இருந்தும் திணறுகிறவர்கள் பலர். 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 239 நோயாளிகளைக் கொண்டு நடந்தது. பாதிப் பேருக்கு மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜனும், மற்றவர்களுக்கு அதேபோல் குழாய் வழியே சாதாரணக் காற்றும் கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் நிவாரணம் ஏறக்குறைய ஒரே அளவு. எனவே கடன் வாங்குவதற்கு முன், "இவருக்கு உண்மையிலேயே தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் கெடுதலும் உண்டு. மருத்துவர் குறித்த அளவை வீட்டில் நாமாகக் கூட்டக்கூடாது.

திணறலுக்கான காரணத்தையும் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் எடுத்துவிடலாம். இரத்தசோகை, சளிக் காய்ச்சல், இதயத்தில் நீர்க்கோப்பு இவற்றுக்கெல்லாம் மருத்துவம் உண்டு. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. இதுவரை இல்லாத விதமாகத் திடீரென்று திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாதல், இருமலில் இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குதல் இவற்றில் எதைக் கண்டாலும் விசிறி பிடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

இனி, மார்பின். ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் போனபின் தூணோரமாக நின்று ஒரு பெண் கேட்டார்: "சாமி, அத்தைக்கு ஏதோ மார்பின்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. கொடுத்தா சீக்கிரம் செத்துப் போயிடுவாங்கன்னு சொல்றாங்க. பாவம் இல்லையா?" மாத்திரை அட்டை மூன்று நாளாகப் பிரிக்கப்படாமல் அவர் பையிலேயே இருந்தது. மூன்று நாளும் அத்தை திணறியிருக்கிறார்.

பாவமில்லை. இதை ஒளிவுமறைவின்றிச் சொல்வது குருக்களாகிய எங்கள் கடமை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-ஆம் ஆண்டிலேயே மயக்கவியல் மருத்துவர்களுக்கு இதைத் தெளிவாக்கினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2279-ஆம் பத்தியில் இதையே உறுதிப்படுத்துகிறது. துன்பத்தைத் தணிப்பதே நோக்கமாக இருக்க வேண்டும், சாவு நோக்கமாகவோ வழியாகவோ இருக்கக் கூடாது. அப்படியானால் அது வாழ்நாளைக் குறைக்கும் வாய்ப்பு இருந்தாலும் அந்த மருந்தைத் தரலாம். உண்மையில், மருத்துவர் சொன்ன சிறிய அளவில், அவருடைய கண்காணிப்பில் கொடுக்கும்போது அது உயிரைப் பறிப்பதும் இல்லை. திணறும் எல்லாருக்கும் மார்பின் பலன் தரும் என்றும் நினைக்க வேண்டாம். 2003-இல் வந்த ஓர் ஆய்வு நல்ல பலன் காட்டியது, ஆனால் அண்மையில் வந்த பெரிய ஆய்வுகள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடம் அத்தகைய பலனைக் காணவில்லை. ஆகையால் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். இறுதி நாட்களின் கடுந்திணறலில் அது பலருக்குப் பெரிய ஆறுதல். பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையை வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடாது. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள்.

மார்பின் கிடைப்பது முன்பு மிகவும் கடினமாக இருந்தது. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டபின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில் கிடைக்க வழி பிறந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தர ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கேட்காமல் இருப்பதால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை.

செபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஓர் அழகான செய்தியைக் கண்டார்கள். ஆரோக்கியமான 23 பேரை இலத்தீனில் செபமாலை சொல்லச் செய்தபோது, அவர்களது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்று சீராக அமைந்தது. அவர்கள் நோயாளிகள் அல்ல என்பதை மறக்கக் கூடாது. திணறுகிறவரை ஆறு மூச்சுக்கு இழுத்து நிறுத்த முயன்றால் அவர் வதைபடுவார். ஆனால் அருகில் இருப்பவர் அருள்நிறை மந்திரத்தைத் தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னால் முதலில் அவருடைய சொந்த மூச்சு அமைதிப்படும். நோயாளி பதில் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். சிலுவைப் பாடுகளோடு ஒப்புக்கொடுங்கள் என்று அந்த நேரத்தில் பிரசங்கம் செய்யாதீர்கள். நாங்களும் இனிச் செய்ய மாட்டோம். நோயில்பூசுதலுக்கு எங்களைத் திணறலின் நடுவில் கூப்பிடாமல், நோயாளி உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள். அது சாவுக்கு முந்தின நிமிடத்துக்கான அருளடையாளம் மட்டுமல்ல. நிதானமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்கவும், நன்மை கொடுக்கவும், சன்னல் ஓரமாகச் சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கவும் எங்களுக்கும் ஆசை.

பெரும்பாலும் திணறல் இரவில்தான் அதிகம் பயமுறுத்துகிறது. பெரியவர்கள் மருமகளையோ மகளையோ எழுப்பத் தயங்கி இருட்டில் தனியாகத் தவிப்பார்கள். கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணியும், விசிறியும், சிறு விளக்கும் இருக்கட்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் பாதியில் ஒரு நாற்காலி, குளிக்கும் இடத்தில் ஒரு முக்காலி. கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை. வயிறு முட்ட ஒரே வேளையாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள்.

அந்த மருமகளைப் பார்த்துக்கொள்வது யார்? மூன்று மாதமாக நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காத பெண்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்கள் கோயிலுக்கு வரவில்லை என்று கணக்கெடுக்கிறோமே தவிர, ஏன் என்று கேட்பதில்லை. அன்பியக் கூட்டத்தில் அடுத்த மாதம் செபத்துக்குமுன் இதை எடுங்கள். செவ்வாய் இரவு ஒருவர், வெள்ளி இரவு ஒருவர் என்று போய்க் கட்டிலருகே உட்கார்ந்தால், அந்தப் பெண் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். ஆண்களும் போகலாம். விசிறி பிடிக்கத் தெரிந்தால் போதும்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து பங்கு மன்றத்தில் அருட்சகோதரி இவற்றைச் செய்து காட்டுவார். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் ஒரு தலையணையும், இருந்தால் ஒரு விசிறியும் கொண்டு வாருங்கள். நோயாளியைத் தனியே விட்டு வர முடியாதவர்கள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள், நாங்கள் வீட்டுக்கே வருகிறோம்.